எட்டாவது கோணம்

அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் வழங்கும் டிசைன் பேட்டன்ட்களைப் புரட்டுவது ஒரு விசித்திரமான பொழுதுபோக்கு. படிக்க அவற்றில் அநேகமாக ஒன்றுமே இருக்காது. சாதாரணக் காப்புரிமை என்றால் பக்கம் பக்கமாக விளக்கம் இருக்கும், இருபது முப்பது உரிமைக்கோரல்கள் இருக்கும். டிசைன் பேட்டன்ட்டில் கோரல் ஒன்றே ஒன்றுதான். அதன் வாசகமும் சட்டம் வகுத்துக் கொடுத்த ஒற்றை வாய்ப்பாடு: இன்ன பொருளுக்கான அலங்கார வடிவமைப்பு, இங்கே காட்டியும் விவரித்தும் உள்ளபடி. அவ்வளவுதான். மிச்சமெல்லாம் படங்கள்.

அசைவு பட்டால் எரிகிற வெளிப்புறப் பாதுகாப்பு விளக்குகள் இருக்கின்றனவே, நாம் சென்சார் லைட் என்று சொல்வது, அவற்றுக்கும் இப்படிக் காப்புரிமைகள் உண்டு. ஒரு விளக்குக்கு வழக்கமாக ஏழு படங்கள். சாய்ந்த கோணத்திலிருந்து ஒன்று, முன்புறம், பின்புறம், இடது, வலது, மேல், கீழ். கறுப்புக் கோட்டில் சுத்தமாக வரைந்திருப்பார்கள். தொடர்கோட்டில் இருப்பது உரிமை கோரப்படும் பகுதி. விட்டுவிட்டு வரும் கோட்டில் இருப்பது சூழலைக் காட்ட மட்டும். சுவரில் பொருந்தும் தட்டு, கழுத்து, இரண்டு தலைகள், நடுவில் முட்டைக்கண் மாதிரி ஒரு சென்சார். எல்லாம் தெரியும்.

தெரியாதது ஒன்றுதான். அந்த விளக்கு எரிந்தால் எப்படி இருக்கும் என்பது. ஏழு படங்களிலும் விளக்கு அணைந்தே இருக்கிறது.

இதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது, வடிவத்துக்குத்தானே காப்புரிமை, ஒளிக்கு இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் சண்டை காப்புரிமை அலுவலகத்தோடு இல்லை. விளக்கின் அழகு என்றால் அணைந்திருக்கும்போது அது கடை அலமாரியில் எப்படித் தெரிகிறது என்பது மட்டுமே என்று ஒரு சட்டம் தன் வசதிக்காக வரையறுத்துக்கொண்டது. அதை ஒரு தொழில்துறை முழுவதும் வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டது. சண்டை அந்தத் துறையோடு. அந்த விளக்கின் எதிரே நிற்க நேர்கிறவனின் கோணம், எரியும் விளக்கை ரோட்டிலிருந்து பார்க்கிறவனின் கோணம், எந்தத் தாளிலும் இல்லை. அந்த எட்டாவது படத்தை யாரும் வரைவதே இல்லை.

1

அலங்காரம் எப்படிச் சட்டத்துக்குள் வந்தது? 1842-ல் அமெரிக்க காங்கிரஸ் இதற்கான சட்டத்தை இயற்றியது. முதல் டிசைன் பேட்டன்ட்டைப் பெற்றவர் ஜார்ஜ் புரூஸ் என்ற அச்செழுத்து வார்ப்பாளர், பெற்றது எழுத்துருக்களுக்காக. 1879-ல் பிரெஞ்சுச் சிற்பி பார்த்தோல்டி சுதந்திர தேவி சிலைக்கு ஒன்று வாங்கினார். உலகத்திலேயே மிகப் பிரபலமான விளக்கேந்தியும் அதே அலுவலகத்தில், அதே வகைக் காப்புரிமையில்தான் பதிவாகியிருக்கிறாள். இன்றைக்கு ஒரு டிசைன் பேட்டன்ட்டின் ஆயுள், வழங்கிய நாளிலிருந்து 15 ஆண்டுகள்.

இந்தச் சட்டத்தின் கண் யாருடைய கண் என்பதைத் தீர்மானித்தது 1871-ன் கோரம் எதிர் ஒயிட் வழக்கு. கரண்டி, முள்கரண்டிகளின் கைப்பிடி அலங்காரம் பற்றிய தகராறு. ஒரு வடிவம் இன்னொன்றின் நகலா என்பதை நிபுணரின் கண்ணை வைத்து முடிவு செய்யக் கூடாது. பொருள் வாங்க வருபவர் வழக்கமாகச் செலுத்தும் கவனத்தோடு பார்க்கும் சாதாரணக் கண்ணை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். ஒன்றை வாங்க நினைத்து இன்னொன்றை வாங்கி ஏமாறுவாரா? இதுதான் சோதனை. இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டமும் வடிவம், அமைப்பு, அலங்காரம் எல்லாவற்றையும் கண் ஒன்றை மட்டுமே கொண்டு மதிப்பிட வேண்டும் என்கிறது.

கரண்டிக்கு இது சரி. கரண்டியை வாங்குகிறவனும் பார்க்கிறவனும் பிடித்துச் சாப்பிடுகிறவனும் பெரும்பாலும் ஒரே ஆள், இல்லை ஒரே வீட்டு ஆள். பாதுகாப்பு விளக்கு அப்படியில்லை. வாங்குகிறவன் அதன் பின்னால் இருக்கிறான். அது எரிவதைப் பார்க்கிறவன் முன்னால் இருக்கிறான். இந்த இரண்டு பேரும் ஒரே ஆளாக இருப்பது, வாங்கினவனே ராத்திரி குப்பை கொட்ட வெளியே வரும்போது மட்டும்தான். வாங்குபவரின் கண் என்ற அளவுகோல் இங்கே பாதி உலகத்தை விட்டுவிடுகிறது.

அலங்காரம் என்ற சொல்லுக்கு நமக்குப் பழக்கமான இடம் ஒன்று உண்டு. கோயில். கருவறை இருட்டு. அர்ச்சகர் கற்பூரத் தட்டைத் தூக்கிச் சுற்றும்போது வெளிச்சம் எதன் மேல் விழுகிறது? அலங்காரம் செய்த முகத்தின் மேல். வரிசையில் நிற்பவர் கண்ணில் அதைக் காட்டுவதில்லை. பார்க்க வந்தவருக்குப் பார்க்கக் கிடைக்க வேண்டும், அதற்காகத்தான் விளக்கு. அந்த வாசலுக்குள் யாரை விட்டார்கள், யாரைப் பல நூற்றாண்டுகள் வெளியே நிறுத்தினார்கள் என்ற கணக்கு தனி. அதை மறந்துவிட்டு இங்கே ஏக்கப் பெருமூச்சு விட எனக்கு எண்ணமில்லை. ஆனால் ஒளியின் திசை குறித்து அந்தக் கைக்கு ஒரு தெளிவு இருக்கிறது. சென்சார் லைட் அந்தத் திசையை அப்படியே திருப்பிப் போடுகிறது. வீட்டுக்காரர் இருட்டில், வந்தவர் வெளிச்சத்தில்.

2

இந்த விளக்கின் உள்ளே போய்ப் பார்த்தால் அலங்காரம் எதை மறைக்க வந்தது என்று புரியும்.

பெரும்பாலான சென்சார் லைட்களில் இருப்பது பி.ஐ.ஆர் சென்சார். இது எந்தக் கதிரையும் அனுப்புவதில்லை, வருவதை மட்டும் வாங்கிக்கொள்கிறது. நம் உடம்புச் சூடு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அதன் உச்சம் சுமார் 9, 10 மைக்ரான் அலைநீளத்தில். சென்சாருக்குள் வெப்பம் மாறினால் மின்னழுத்தம் தரும் இரண்டு சின்ன வில்லைகள், ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்பட்டிருக்கும். சூழல் மொத்தமும் மெல்லச் சூடானால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்ஜியம். ஒரு உடம்பு குறுக்கே நகர்ந்தால் முதலில் ஒரு வில்லை, அப்புறம் மற்றது. அந்த ஏற்ற இறக்கம்தான் சமிக்ஞை. முன்னால் இருக்கும் ஃபிரெனல் லென்ஸ், எதிரே உள்ள இடத்தை விசிறி மாதிரிப் பல பட்டைகளாக வெட்டுகிறது. பட்டை விட்டுப் பட்டை தாண்டும்போதெல்லாம் துடிப்பு. அதனால்தான் விளக்கை நோக்கி நேராக நடந்து வருபவரைவிடக் குறுக்கே போகிறவரை இது சீக்கிரம் கண்டுபிடிக்கிறது. திருட வருகிறவர் நேராக வருவார், தெருவில் போகிறவர் குறுக்கே போவார். யாரை இது முதலில் பிடிக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பொறியியல் என்ற அளவில் இது அருமையான சாதனம். மலிவு, மின்சாரம் கிட்டத்தட்டத் தின்னாது, உதிரி பாகங்கள் சொற்பம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அந்த அலைநீளத்தைக் கண்ணாடி விடாது. பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் விடும். அதனால் லென்ஸ் பால்வெள்ளைப் பிளாஸ்டிக்கில்தான் வருகிறது, விளக்கின் கண்ணாடிக் கூண்டுக்குள் அதை ஒளித்து வைக்க முடியாது. வெளியே துருத்திக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

இங்கேதான் அலங்காரக்காரர்களின் வேலை தொடங்குகிறது. சந்தையில் இரண்டு ஜாதி விளக்குகள். முதல் ஜாதி, இரட்டைத் தலை ஃபிளட் லைட். கராஜுக்கு மேலே, கொல்லைப்புறத்தில், நடுவில் வெள்ளை முட்டைக்கண்ணோடு. அது தன் எண்ணத்தை மறைப்பதில்லை. இரண்டாவது ஜாதி வாசல் கதவுக்குப் பக்கத்தில் மாட்டுவது. லாந்தர் வடிவம். 18, 19-ஆம் நூற்றாண்டுக் குதிரை வண்டி விளக்கின் நகல்: கறுப்பு உலோகக் கூண்டு, சாய்வு வைத்த கண்ணாடி, மேலே கூம்புத் தொப்பி, பக்கவாட்டில் சுருள் வளைவு. கீழே, தொங்கட்டான் இருக்க வேண்டிய இடத்தில், அந்த வெள்ளைக் கண். அதைத் தொங்கட்டானாகவே காட்டுவதற்கு, சுவர்த் தட்டின் விளிம்பில் பதுக்குவதற்கு, கூண்டின் அடித்தட்டோடு கலப்பதற்கு எத்தனை விதமான வடிவ முயற்சிகள்!

இரண்டாவது ஜாதிதான் எனக்கு அதிகக் கோபத்தைக் கிளப்புகிறது. ஃபிளட் லைட் முறைக்கிறது, முறைப்பது தெரிகிறது. லாந்தர், வா என்று சொல்லும் வடிவத்தை மாட்டிக்கொண்டு யாரடா நீ என்று கேட்கிறது. வண்டியில் வருகிறவர் வழி பார்க்கவும், எதிரே வருகிறவர் வண்டியைப் பார்த்து ஒதுங்கவும் இருந்த விளக்கு அது. அதன் தோலை உரித்துக் கண்காணிப்புக் கருவிக்குப் போர்த்தியிருக்கிறார்கள். கேட்டால், பாரம்பரியத் தோற்றம் என்பார்கள்.

3

இனி எட்டாவது கோணம்.

நாம் இருட்டுக்குப் பழக நேரம் எடுக்கிறது. கண் முழுதாகத் தயாராக 20, 30 நிமிடம் ஆகும். அந்தத் தயாரிப்பை ஒரு பிரகாசமான விளக்கு ஓரிரு நொடியில் அழித்துவிடும். அதோடு நேராகக் கண்ணில் படும் ஒளி, கண்ணுக்குள்ளேயே சிதறி ஒரு மெல்லிய திரையைப் போர்த்துகிறது. திரைக்குப் பின்னால் இருக்கும் மங்கலான பொருள்கள் காணாமல் போகின்றன. வயதாக ஆக விழி லென்ஸ் மங்கும், சிதறல் கூடும். ஆகவே 30 வயதுக்காரருக்கு எரிச்சலாக இருக்கும் விளக்கு 65 வயதுக்காரருக்குக் குருட்டுத்தனம். நடைபாதை விளிம்பு எங்கே, படி எங்கே, எதுவும் தெரியாது.

பழைய ஹாலஜன் காலத்தில் இதற்கு ஒரு கடிவாளம் இருந்தது: கரண்ட் பில். எல்.இ.டி வந்து அதை அறுத்துவிட்டது. 60 வாட் குண்டு பல்பு தந்தது சுமார் 800 லூமென். இன்றைக்கு 20, 30 வாட் செலவில் 2000, 3000 லூமென் தரும் சென்சார் லைட் சர்வ சாதாரணம். மூன்று நான்கு குண்டு பல்புகளை ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் அடைத்து, நீலம் கலந்த வெள்ளையில், கிடைமட்டமாகத் திருப்பி, பூஜ்ஜியத்திலிருந்து முழு வெளிச்சத்துக்குக் கண் இமைக்கும் முன் ஏற்றுகிறார்கள். அட்டைப் பெட்டியில் லூமென் எண்ணைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அது எங்கே விழும் என்பதற்கு ஒரு வரைபடம்கூட இருக்காது.

நான் வேலை பார்க்கும் அமெரிக்கப் புறநகரில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நடப்பது வழக்கம். போன கோடையில் ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவும் கூட வந்தார். புடவை, மேலே என் பழைய ஸ்வெட்டர், காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. இந்த ஊர்களில் மாலை நேரத்தில் உலவும் அத்தனை தமிழ், தெலுங்கு அம்மாக்களின் சீருடை. ஒரு வீட்டைத் தாண்டும்போது பளீரென்று எரிந்தது. இரண்டு வீடு தள்ளி இன்னொன்று. மூன்றாவது எரிந்ததும் அம்மா நின்று, "என்னப்பா, நம்மளைப் பார்த்துத்தான் லைட்டு போடறாங்களா?" என்று கேட்டார். அக்கறையாக யாரோ உள்ளேயிருந்து சுவிட்சைத் தட்டுகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். இல்லம்மா, அதுவாவே எரியும், திருடனைப் பிடிக்க, என்றேன். கொஞ்ச தூரம் பேசாமல் வந்தவர், "ரோட்டுலதானே நடக்கறோம்?" என்றார்.

ரோட்டில்தான் நடந்தோம். பொதுவழி அது. இந்த விளக்குகளின் சென்சார் எட்டும் தூரமாகப் பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் 30 முதல் 70 அடி வரை. புறநகர் வீட்டின் வாசலிலிருந்து நடைபாதை அதற்குள் வந்துவிடும். தன் சுவரில் திருகிய கருவியால் ஒருவர் தனக்குச் சொந்தமில்லாத நிலத்தில் நடப்பவரை நாள்தோறும் விசாரிக்கிறார். அந்த விசாரணை எல்லோர்மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வெளிச்சம் பட்டதும் ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்கும் கண்ணுக்கு, நாயோடு போகும் வெள்ளைக்காரப் பெரியவர் அண்டைவீட்டார். தலையில் முக்காடு மாதிரித் தொப்பி போட்ட கறுப்பினப் பையன் வேறு ஏதோ.

இந்த நாட்டில் ஒளிக்கும் சந்தேகத்துக்கும் உள்ள உறவு பழையது. 1713-ல் நியூயார்க் நகரம் ஒரு சட்டம் போட்டது: 14 வயதுக்கு மேற்பட்ட கறுப்பின, செவ்விந்திய அடிமைகள், பொழுது சாய்ந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு லாந்தரோ எரியும் மெழுகுவர்த்தியோ இல்லாமல் தெருவில் நடமாடக் கூடாது. தன்னைத் தானே காட்டிக்கொண்டு நடக்க வேண்டும். சமூகவியலாளர் சிமோன் பிரவுன் 2015-ல் எழுதிய 'டார்க் மேட்டர்ஸ்' நூலில் இந்த லாந்தர் சட்டங்களை இன்றைய கண்காணிப்பின் முன்னோடியாக விரித்துப் பேசுகிறார். அன்றைக்கு விளக்கைச் சந்தேகத்துக்குரியவன் கையில் கொடுத்தார்கள். இன்றைக்கு அதைச் சந்தேகப்படுகிறவனின் சுவரில் மாட்டியிருக்கிறோம். அதுவும் லாந்தர் வடிவத்திலேயே. வடிவத்துக்கு வரலாறு கிடையாது, அது வெறும் டிசைன் என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

4

சரி, பாதுகாப்பு வேண்டாமா என்ற கேள்விக்கு வருவோம். அது லேசான கேள்வி இல்லை. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தனியாகக் கதவைத் திறக்கும் பெண்ணுக்குச் சாவித் துவாரம் தெரிய வேண்டும், பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று தெரிய வேண்டும். கையில் பையோடு படியேறும் முதியவருக்குத் தானாக எரியும் விளக்கு வரப்பிரசாதம். இதையெல்லாம் கேலி செய்கிற கட்டுரை இது இல்லை.

வெளிச்சம் குற்றத்தைக் குறைக்கிறதா? குறைக்கிறது என்று சொல்லும் நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. 2002-ல் ஃபாரிங்டன், வெல்ஷ் இருவரும் பிரிட்டிஷ் உள்துறைக்காக, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த 13 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தெருவிளக்கை மேம்படுத்திய இடங்களில் குற்றம் சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தது. 2016-ல் நியூயார்க்கின் பொதுக் குடியிருப்புகளில் குலுக்கல் முறையில் சில இடங்களைத் தேர்ந்து விளக்குக் கம்பங்களை நிறுத்திப் பார்த்தார்கள். இரவில் திறந்தவெளியில் நடக்கும் கடுமையான குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. இவற்றை மறுக்க எனக்கு எந்த அவசியமும் இல்லை.

ஆனால் இவை எந்த விளக்குகளைப் பற்றிய ஆய்வுகள்? பொதுவிளக்குகள். நிலையாக எரிபவை. எல்லோருக்கும் எரிபவை. தனிவீட்டுச் சுவரில் பளீரென்று எரிந்து அணையும் கருவியைப் பற்றி இவை எதுவும் சொல்லவில்லை. இன்னொன்று. ஃபாரிங்டன், வெல்ஷ் தொகுப்பில் இரவுக் குற்றத்தையும் பகல் குற்றத்தையும் தனித்தனியே அளந்த ஆய்வுகளில், இரவுக் குற்றம் பகலைவிட அதிகமாகக் குறைந்துவிடவில்லை. பகலில் தெருவிளக்கு எரிவதில்லை. பின் பகல் குற்றம் ஏன் குறைந்தது? தங்கள் தெருவைக் கவனிக்க ஆள் இருக்கிறது என்று அங்கிருப்பவர்களுக்கு ஏற்பட்ட நம்பிக்கையும் பிடிப்பும் காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். மறுபக்கம், இங்கிலாந்து, வேல்ஸில் 62 உள்ளாட்சிப் பகுதிகளில் செலவு குறைக்கத் தெருவிளக்குகளை அணைத்ததையும் மங்கவைத்ததையும் ஆராய்ந்து 2015-ல் வெளியான கட்டுரை, அதனால் குற்றம் பெருகியதற்கு ஆதாரம் இல்லை என்றது. விளக்கு தனியாக எதையும் செய்வதில்லை. ஜேன் ஜேக்கப்ஸ் 1961-லேயே இதைச் சொல்லிவிட்டார்: பார்க்கும் கண்கள் இருந்தால்தான் தெருவிளக்குக்கு வேலை. கண் இல்லாத இடத்தில் அது யாருக்காக எரிகிறது?

சென்சார் லைட் எரியும்போது யாராவது பார்க்கிறார்களா? முதல் வாரம் பார்ப்பார்கள். அப்புறம் பூனைக்கு எரியும், காற்றில் ஆடும் மரக்கிளைக்கு எரியும், போகும் காரின் சூட்டுக்கு எரியும். புலி வருது கதைதான். மென்பொருளில் சர்வர் கண்காணிப்பு வேலை பார்த்தவர்களுக்கு இது மனப்பாடம். ராத்திரிக்கு நாற்பது அலாரம் அடித்தால் நாற்பத்தோராவதை ஒருவரும் திறந்து பார்க்க மாட்டார்கள். அந்த நாற்பத்தொன்றில்தான் டேட்டாபேஸ் செத்திருக்கும். பொய் அலாரத்துக்கு ஒரு விலை உண்டு, அதைக் கணக்கில் எடுக்காமல் வரம்பு நிர்ணயிப்பவன் பொறியாளனே இல்லை என்று எங்களுக்குச் சொல்லித் தருவார்கள்.

இங்கே அந்த விலையைக் கொடுப்பது யார் என்று பாருங்கள். கருவியை வாங்கியவர் இல்லை. அவர் உள்ளே தூங்குகிறார். எதிர்வீட்டுப் படுக்கையறைச் சுவரில் வெளிச்சம் வந்து வந்து போகிறது. நடப்பவர் கண்ணை மறைத்துக்கொள்கிறார். பிரிட்டனில் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அடுத்தவரைத் தொந்தரவு செய்யும் செயற்கை ஒளியைச் சத்தம், நாற்றம் இவற்றின் வரிசையில் சேர்த்து, உள்ளாட்சியிடம் புகார் செய்ய வழி வகுத்தது. பெரும்பாலான இடங்களில் அதற்கும் வழியில்லை, போய்க் கதவைத் தட்டிக் கேட்கத்தான் வேண்டும். தட்டப் போனால் அந்த விளக்கு எரியும்.

இன்னொரு சிக்கல், இந்த விளக்கு தன் நோக்கத்திலேயே தோற்கிறது. கண் கூசும் ஒளிக்குப் பின்னால் இருக்கும் கதவு, ஜன்னல், ஒதுங்கி நிற்கும் ஆள், எதுவும் தெருவில் இருப்பவருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரரே உதவிக்கு வர நினைத்துப் பார்த்தாலும் ஒரு வெள்ளைப் பந்துதான் தெரியும். ஒளிவட்டத்துக்கு ஒரு அடி வெளியே இருள் முன்பைவிடக் கெட்டியாகிறது. அங்கே யார் வேண்டுமானாலும் நிற்கலாம்.

5

நம்மூருக்கும் இது வந்துவிட்டது. அடுக்குமாடியின் மாடிப்படிகளிலும் கார் நிறுத்துமிடத்திலும் சென்சார் லைட் வைப்பது நல்ல விஷயம். ஆளில்லாத இடத்தில் விடிய விடிய எரிவதைவிட அது மேல். ஆனால் பழைய மகாபலிபுரம் சாலையிலும் கோவையின் வெளிப்பகுதிகளிலும் முளைத்திருக்கும் வில்லாக்களின் வாசலில் அந்தக் குதிரை வண்டி லாந்தரும் வந்து உட்கார்ந்திருக்கிறது. சீமைக் குதிரை வண்டியையே பார்த்திராத தெருவில் அதன் விளக்கு. மே மாதச் சென்னை ராத்திரியில் சுற்றுப்புறச் சூடே 30 டிகிரிக்கு மேல். உடம்பின் மேற்பரப்புச் சூடு 33, 34. சென்சார் நம்பியிருக்கும் வித்தியாசம் சுருங்கிவிடுகிறது, எட்டும் தூரமும் குறைகிறது. வெயில் காலத்தில் இப்படி ஆகும் என்று பல தயாரிப்புகளின் கையேடுகளிலேயே போட்டிருக்கிறது. எரியலையே என்று உணர்திறனைக் கூட்டித் திருகுவார்கள். மார்கழியில் தெரு நாய்க்கெல்லாம் எரியும். இறக்குமதி செய்தது வடிவத்தை, கூடவே ஒரு குளிர்தேசத்து அனுமானத்தையும்.

அதைவிடப் பெரிய இறக்குமதி அந்தத் திசை. வீட்டு வாசலில் போடும் வெளிச்சம் வருகிறவர் முகத்தில் விழ வேண்டும் என்கிற நினைப்பு. உணவுப் பொட்டலம் கொண்டு வரும் பையன் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு வீட்டு எண்ணைத் தேடுகிறான். வீட்டு எண் விளக்குக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. விளக்கால்தான் அது தெரியவில்லை.

6

இதையெல்லாம் சரிசெய்யப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். ஒளி கிடைமட்டத்துக்கு மேலே போகாமல், கீழே மட்டும் விழும்படி மூடாக்கு போடலாம். அப்படிப்பட்ட விளக்குகள் சந்தையில் உண்டு. நிறத்தை 3000 கெல்வினுக்குக் கீழே, மஞ்சள் கலந்த வெள்ளையாக வைக்கலாம். ஒரு வாசலுக்கு 3000 லூமென் வேண்டாம், சில நூறு போதும். பளீரென்று எரிவதற்குப் பதிலாக இரண்டு நொடியில் மெல்ல ஏறும்படி செய்யலாம், எல்.இ.டி டிரைவரில் ஏற்கெனவே ஒரு மைக்ரோகன்ட்ரோலர் இருந்தால், அதற்கு ஆகும் செலவு சில வரி நிரல். சென்சார் தன் வாசற்படியை மட்டும் பார்க்கும்படி லென்ஸின் தெருப்பக்கப் பட்டைகளை மூடலாம். ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் இன்று சாயங்காலமே ஒரு துண்டுக் கறுப்பு டேப்பை அங்கே ஒட்டி, தலையைக் கீழே திருப்பி வைக்கலாம். ஐந்து நிமிட வேலை, ஸ்டூல் மட்டும் வேண்டும்.

பிறகு ஏன் இது நடப்பதில்லை? அலங்காரம் ஒரு ஆளின் வேலை, ஒளி இன்னொரு ஆளின் வேலை, சென்சார் மூன்றாவது ஆளின் வேலை என்று பிரித்துவிட்டார்கள். அழகு என்பது கடைசி வாரம் மேலே பூசும் வர்ணம் என்று நம்புகிற ஒவ்வொரு துறையிலும் இது நடக்கும். எங்கள் துறையிலும்தான். திரையின் ஓரங்களை வழுவழுப்பாக்கி நிறம் பூசி டிசைன் என்று பெயர் வைத்துவிட்டு, இயல்பிருப்பாக எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது என்பதை வேறு யாரோ முடிவு செய்வார்கள். பயனரை உண்மையில் ஆள்வது அந்த இயல்பிருப்பு. சென்சார் லைட்டின் இயல்பிருப்பு உச்ச உணர்திறன், முழு வெளிச்சம், தெரு முழுக்க வீச்சு. அதுதான் அதன் வடிவமைப்பு. சுருள் வளைவும் கூம்புத் தொப்பியும் பொட்டலத் தாள்.

கட்டட விளக்குத் துறையில், ஒரு விளக்கு எந்தத் திசையில் எவ்வளவு ஒளி தருகிறது என்பதை எண்களாகத் தரும் ஒளிப்பரவல் கோப்பு பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது. சாதாரண உரைக்கோப்புதான். கட்டடக் கலைஞர் அதை மென்பொருளில் ஏற்றி, விளக்கை மாட்டும் முன்பே தரையில், சுவரில், பக்கத்து வீட்டு ஜன்னலில் விழும் வெளிச்சத்தைக் கணக்கிடலாம். விளையாட்டு மைதானத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் செய்கிறார்கள். வீட்டு வாசலுக்கு மட்டும் அது தேவையில்லை என்று யார் முடிவு செய்தது?

என் கோரிக்கை சின்னது. காப்புரிமைத் தாளில் ஏழு படங்களோடு நிறுத்திக்கொள்ளட்டும், அது சட்டத்தின் பாடு. அட்டைப் பெட்டியில் எட்டாவது படத்தை அச்சடியுங்கள். இருபது அடி தள்ளி, தெருவில், ஒரு ஆள் உயரத்திலிருந்து பார்த்தால் இந்த விளக்கு எரியும்போது எப்படித் தெரியும் என்ற படம். கதவு தெரிகிறதா, வீட்டு எண் தெரிகிறதா, பக்கத்தில் நிற்கும் ஆளின் முகம் தெரிகிறதா, இல்லை வெள்ளையாக ஒரு ஓட்டைதான் தெரிகிறதா என்று வாங்குகிறவர் பார்த்துவிட்டு வாங்கட்டும். அந்தப் படத்தை அச்சடிக்க வேண்டும் என்று ஒரு விதி வந்தால், அடுத்த வருடமே வடிவமைப்பாளர்கள் அந்தப் படம் அழகாக வருவதற்கு உழைக்கத் தொடங்குவார்கள். அவர்களுக்குத் திறமை இல்லாமல் இல்லை. அந்தக் கோணத்திலிருந்து பார்க்கும்படி இதுவரை யாரும் கேட்கவில்லை.